பதினோரு வளையங்கள்

அன்பு மகனே,

உன் கடிதம் சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை வந்தது. தை மாதத்தில் திருமணத்தை வைத்துக்கொள்ளப் பெண் வீட்டார் இசைந்ததையும், நீ இரண்டு நாள் முன்பாகவே பட்டணத்திலிருந்து புறப்பட்டுச் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இறங்கப்போவதையும் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்பில் அவரைக்காய் வெந்துகொண்டிருந்தது. கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்று கேட்டாள். கடைசிப் பத்தியில் நீ எழுதியிருந்தது இது: "அம்மாவிடம் சொல்லி, நம் சபைக் கோயில் கதவுக்கு முன்போல் ஒரு பூவளையம் கட்டச் சொல்லுங்கள். நான் சிறுவனாயிருந்தபோது நம் வீட்டுக் கதவில் பருவத்துக்கொன்றாய்த் தொங்கியது நினைவிருக்கிறது. பிறகு ஏன் நின்றுபோனது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு அலங்காரம் எனக்கு வேண்டாம்." கரண்டியைக் கழுவினாள், கழுவிய கரண்டியை மறுபடியும் கழுவினாள். பிறகு, "உங்க பிள்ள கேக்கறான். ஏன் நின்னுபோச்சுன்னு நீங்களே எழுதுங்க. ஒண்ணும் விடாம எழுதுங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டப்போவதில்லை. இதன் நகலொன்றை நம் சபையாரின் மாதப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். நான் சொல்லப்போகும் தவறு ஒட்டிய உறைக்குள் நடந்தது. அதைத் திருத்துவதும் உறைக்குள்ளேயே நடந்தால் அது திருத்தமாகாது. தங்கச் சுரங்கக் கம்பெனியின் பெயரை மட்டும் எழுதவில்லை. அதைச் சொல்லாமலே விஷயம் விளங்கும். மேலும், இங்கே குற்றம் சாட்டப்படுகிறவன் நான்.

சில மாதங்களாகக் காலையில் கண் விழிக்கும் தறுவாயில் எனக்கு ஒரு கதவு தெரிகிறது. அது நம் வீட்டுக் கதவுதான். ஆனால் வீடு அதன் பின்னால் இல்லை. மார்கழிப் பனியில் கதவு மட்டும் நிற்கிறது. தூரத்தில் கல் இடிக்கும் ஸ்டாம்ப் மில்லின் தடதடப்பு, இந்த ஊரில் யாருக்கும் ஓசையாகவே படாத அந்த ஓசை, கதவின் மரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. கதவின் நடுவில் ஒரு வளையம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் தழை பூவாகிறது, பூ கதிராகிறது, கதிரைக் குருவிகள் கொத்திக்கொண்டு போகின்றன, வெறும் முள் மிஞ்சுகிறது, முள்ளில் மறுபடியும் தளிர் விடுகிறது. ஓர் ஆண்டு முழுவதும் ஒரு மூச்சு நேரத்தில் சுற்றி வருகிறது. தொடலாமென்று கை நீட்டினால் விழிப்பு வந்துவிடுகிறது. கனவுக்குச் சாட்சி மதிப்பு இல்லை என்பதை நான் அறிவேன். ஆயினும் அது எங்கிருந்து வருகிறது என்பதை என்னால் சொல்ல முடியும்.

நாங்கள் வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்த இரண்டாம் ஆண்டில், ஒரு துரைசானியின் பங்களாவில் உன் அம்மா தையல் வேலைக்குப் போய்வந்தாள். கிறிஸ்துமஸுக்கு முன் அந்த அம்மாள் தன் வாசற்கதவில் பச்சைத் தழையால் கட்டிய ஒரு வட்டத்தைத் தொங்கவிட்டாள். தன் தேசத்தில் கிடைக்கும் செடி இங்கே இல்லையென்று வருந்தி, உன் அம்மாவின் கையால் சவுக்குத் தழையை வைத்துக் கட்டச் செய்தாள். சிவப்புக் காய்க்கு என்ன செய்வதென்று அந்த அம்மாள் யோசித்துக்கொண்டிருக்க, உன் அம்மா வேலியோரம் போய் ஒரு மடி கோவைப்பழம் பறித்து வந்தாள். மறுவாரம் நம் கதவிலும் அப்படி ஒன்று ஏறியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் மாவிலைத் தோரணம் கட்டுகிறவர்கள். நிலைப்படிக்கு மேலே கட்டுவதுதான் அவர்களுக்கு வழக்கம். எதிர்வீட்டுப் பெண் இடுப்பில் குடத்தோடு நின்று பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கதவுக்குக் கல்யாணமா? மாலையெல்லாம் போட்டுகினு கீது" என்றாள். "ஆமாண்டி, மாப்பிள்ள இன்னும் வர்ல" என்றாள் உன் அம்மா. அந்தப் பேச்சு தெருவில் வெகுநாள் நடந்தது. மாப்பிள்ளை வந்தானா என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கதவை விசாரித்தார்கள்.

கிறிஸ்துமஸோடு அது நிற்கவில்லை. தழை காய்ந்ததும் வளையத்தை உரித்து வெறுமையாய் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. உபவாச நாட்களான லெந்து காலத்தில் பூவே இல்லாமல் காரைமுள்ளின் காய்ந்த கிளைகளை வளைத்துச் சுற்றி, அதில் ஊதாத் துணியில் கிழித்த ஒரே ஒரு நாடாவை விட்டாள். பங்குனி முடிவில் புங்கமரம் பூத்து, மரத்தடியெல்லாம் பொரி கொட்டியதுபோல் கிடக்கும். உயிர்த்தெழுந்த ஞாயிறன்று அந்தப் பூங்கொத்தும் வேப்பந்தளிரும் ஏறும். ஆடிக் காற்றில் எந்தப் பூவும் நிற்காது. அப்போது அறுகம்புல்லை ஜடைபோல் பின்னி வட்டமாக்குவாள், இடையிடையே தும்பை. கல்லறைத் திருநாளுக்குக் கோழிக்கொண்டையும் வாடாமல்லியும். அறுப்பின் பண்டிகைக்கு ராகிக் கதிர். அந்தக் கதிர் வளையம் மூன்று நாளைக்கு மேல் முழுதாக இருந்ததில்லை. விடியும்போதே சிட்டுக்குருவிகள் கதவில் தொங்கிக்கொண்டு தின்னும். உள்ளே படுத்திருக்கும் நமக்கு யாரோ விரல் நுனியால் கதவைத் தட்டுவதுபோல் கேட்கும். நீ எழுந்து ஓடி விரட்டப் போவாய். "உடுடா, அதுங்களுக்கும் பண்டிகதான்" என்பாள் அவள். உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. நான் அப்போது எழுந்துகூடப் பார்த்ததில்லை, கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நீ குடும்பம் நடத்தும்போது, உன் மனைவி ஏதாவதொன்றைக் கதவில் மாட்டினால், அது உனக்கு விளங்காவிட்டாலும், எழுந்து போய்ப் பார்.

அவள் கட்டும் விதத்தை நான் பலமுறை பக்கத்திலிருந்து கண்டிருக்கிறேன். முதலில் என் பழைய வேட்டியின் கிழிசலை ஈரமாக்கி வளையத்தின்மேல் இறுகச் சுற்றுவாள். அப்போதுதான் காம்பு வழுக்காது. பிறகு கைப்பிடி கைப்பிடியாகத் தழையை வைத்து, நனைத்த வாழைநாரால் கட்டுவாள். ஒவ்வொரு பிடியின் தலையும் முன் வைத்த பிடியின் காம்பை மறைக்க வேண்டும். எல்லாம் ஒரே திசையில் போக வேண்டும். வட்டம் முடியும் இடத்தில்தான் கடினம். கடைசிப் பிடியின் காம்பை மறைக்க வேறு பிடி கிடையாது. முதலில் வைத்ததன் தலையை மெல்லத் தூக்கி, அதற்கடியில் செருகி, நாரை உள்ளே விட்டு முடிச்சிட வேண்டும். அந்த இடத்தில் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். நாமும் நிறுத்திவிடுவோம்.

இனி வளையத்துக்கு வருகிறேன். மூங்கிலை வளைத்தாள், ஈரத்தில் நெளிந்தது. பெட்டிக்குக் கட்டும் தகட்டுப் பட்டையை வளைத்தாள், பாரம் தாங்கவில்லை. சரியான வளையம் கிடைத்தது ஏழுமலையால்.

ஏழுமலை கம்பெனியின் கயிற்றுக் கொட்டகையில் மேஸ்திரி. ஆட்களைக் கூண்டிலேற்றிச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கயிற்றைப் பார்த்துக்கொள்வதும், அறுந்த புரிகளைப் பின்னி இணைப்பதும் அவர் வேலை. எங்களைப்போலவே வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்; கம்பெனியின் வேலிக்குள் இருந்த கூலிலைனில் குடியிருந்தார். அவர் மனைவி கன்னியம்மாவுக்கும் உன் அம்மாவுக்கும் தண்ணீர்க் குழாயடியில் பழக்கம். தேய்ந்துபோன கயிற்றை அந்தக் கொட்டகையில் வெட்டிக் குவித்துவைப்பார்கள். அந்தக் குவியலிலிருந்து ஒரு புரியை எடுத்து, முழம் அளவு வளைத்து, இரு நுனியையும் ஒன்றுக்குள் ஒன்று ஓடவிட்டு, எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று விரலுக்குத் தட்டாதபடி பின்னிக் கொண்டுவந்து கொடுத்தார். கறுப்பு மசகு கையெல்லாம் ஒட்டியது. "இது இத்துப்போன கயிறாச்சே அண்ணே, தாங்குமா?" என்று உன் அம்மா கேட்டாள். "ஆயிரம் பேர எறக்கி ஏத்துன கயிறும்மா. ஒரு கூடை பூவத் தாங்காதா?" என்றார் அவர். சாம்பலும் சீயக்காயும் போட்டு அதைத் தேய்த்து, வேப்பெண்ணெய் பூசி வைத்தாள். அதன்பின் அவள் கேட்கக் கேட்க அவர் பின்னிக் கொடுத்தார். கேட்டது அவள்தான், அவராகக் கொண்டுவந்து தந்தவர் அல்லர். துரைசானிக்குப் பின்னித் தந்தது போக, நம்மிடம் வளையங்கள் பதினொன்றாயின. நம் கதவுக்கு ஒன்று, கோயில் கதவுக்கு ஒன்று, மற்றவை சுரங்கத்தில் இறந்தவர்களின் பெட்டிமேல் வைக்க. எந்த மதத்தவர் என்று பாராமல் கட்டிக் கொடுத்தாள். அடக்கம் முடிந்ததும் வளையம் திரும்பி வரும்.

அவற்றில் இரண்டை வேலிக்கு வெளியே கொண்டுவந்தது நான். கயிற்றுக் கொட்டகைக்கு எதிரேதான் கம்பெனி ஆபீஸ். அங்கே எனக்கு அடிக்கடி வேலை இருந்தது, ஏனெனில் கம்பெனியின் வழக்குகளை நான் நடத்திவந்தேன். வாசற்காவலர்கள் கூலிக்காரரின் தலைப்பாகையை அவிழ்த்துப் பார்ப்பார்கள். வக்கீலின் கட்டைத் தொடமாட்டார்கள். "ஐயா, அம்மா கேட்டது, நீங்களே எடுத்துகினு போயிடுங்க" என்று ஏழுமலை கொடுத்ததை வழக்குக் கட்டுகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன். இருமுறை. அந்தக் குளிர்ந்த இரும்பு கக்கத்தில் அழுந்தியது இன்றும் நினைவிருக்கிறது.

உனக்கு எட்டு வயது நடந்தபோது கம்பெனிக்குப் புதிய தலைமை அதிகாரி வந்தார். செம்புக் கம்பி களவு போகிறதென்று, கம்பெனியின் உலோகம் எதையும் வீட்டில் வைத்திருப்பவர்மீது வழக்குத் தொடரப்படும் என ஒரு விளம்பரம் மூன்று மொழிகளில் வாசலில் ஒட்டப்பட்டது. அதன் தமிழை எழுதிக்கொடுத்தவன் நான். எழுதி முடித்து வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் உன் அம்மா கிறிஸ்துமஸ் வளையத்தைப் பாதி கட்டியிருந்தாள். நான் எழுதிய வாக்கியம் என் வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்திருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. யாரும் நம்மைக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டார்கள். கேட்பதற்கு முன்பே நாமாக ஒப்படைத்துவிட்டால் சட்டப்படி நம்மேல் எதுவும் நிற்காது என்று கணக்கிட்டேன். பேனாக்கத்தியால் நாரை அறுத்தேன். தழையை ஒரு பக்கம் ஒதுக்கினேன். பதினோரு வளையங்களையும் துடைத்து ஒரு சாக்கில் கட்டிவைத்துவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

கயிற்றுக் கொட்டகை மேஸ்திரி ஏழுமலை என்பவரால் பற்பல சமயங்களில் கொண்டுவரப்பட்டு என் வீட்டில் வைக்கப்பட்டிருந்த பதினோரு இரும்பு வளையங்களை இத்துடன் ஒப்படைக்கிறேன் என்று எழுதினேன். உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"ஏழுமலை அண்ணன் பேரு எதுக்கு?" என்றாள்.

"எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் அது முழுமையான வாக்குமூலம் ஆகாது."

"அப்போ கேட்டது யாருன்னும் எழுதுங்க. நான் கேட்டேன்."

"அது இந்த விஷயத்துக்கு வேண்டாத விவரம்."

"நீங்க கட்டுக்குள்ள வச்சிக் கொண்டாந்தது?"

நான் கடிதத்தின் அடியில் கையெழுத்திட்டேன். மை உலரும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு அறுந்த தழையை வாரிக்கொண்டு போய் ஆட்டுக்குப் போட்டாள்.

என் கடிதத்தில் பொய் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே பல ஆண்டுகளைக் கழித்தேன். ஆனால் அதில் மூன்று செய்திகள் இல்லை. கேட்டது என் மனைவி என்பது இல்லை. இரண்டைக் கொண்டுவந்தது நான் என்பது இல்லை. அதே புரியில் அவர் செய்த வளையம் துரைசானியின் பங்களாக் கதவிலும் தொங்கியது என்பது இல்லை. மூன்றையும் சேர்த்திருந்தால் அது குப்பையில் கிடந்த இரும்பை எல்லோரும் அறிய எடுத்தாண்ட கதையாக முடிந்திருக்கும். சேர்க்காததால் ஒரு மேஸ்திரி களவாக வெளியேற்றிய பதினோரு பொருள்கள் ஆயின. மறதியால் விடுபட்டவை அல்ல அவை. எந்த வரியை விட்டால் நான் தப்புவேன் என்பதை அறிந்து விட்டேன். நுட்பமாக எழுதுவதை நேர்மையென்று பிறர் நினைக்கும்படி என் தொழில் என்னைப் பழக்கியிருந்தது. நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். மகனே, நீயும் எழுதிப் பிழைக்கும் உத்தியோகத்தில் இருக்கிறாய். ஒருவருடைய பெயரை எழுதும்போது, அதே தாளில் உன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார். உன்னோடு வாழ வருகிறவள் ஒரு பெயரை எழுதாதே என்றால், காரணம் கேட்பதற்கு முன் பேனாவைக் கீழே வை.

கடிதம் போன மூன்றாம் நாள் ஏழுமலையை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஒரே நாளில் லைன் வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். வாசற்காவலரின் புத்தகத்தில் அவர் பெயரை ஏற்றினார்கள். அந்தப் புத்தகத்தில் ஏறியவர் எந்தக் காரணத்துக்காகவும் வேலிக்குள் கால் வைக்கக் கூடாது. அன்று மத்தியானம் அவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோபித்துக்கொள்ளவில்லை. "ஐயா, எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதினீங்கன்னு ஒருவாட்டி படிச்சிக் காட்டுங்க" என்றார். நகல் என் மேசையில் இருந்தது. அது கட்சிக்காரருக்கு எழுதிய ரகசியக் கடிதம். காட்டுவதற்கில்லை என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் வெறுமையாயிருந்த கதவையே பார்த்தார், பிறகு போனார். குடும்பத்தோடு பூதிகோட்டைக்குப் போய், கன்னியம்மாவின் தமையன் நிலத்தில் பயிர் செய்கிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பதினோரு வளையங்களோ, ஆபீஸின் பின்புறத்தில் மழையில் துருப்பிடித்துக் கிடந்தன. "இந்தக் குப்பையை எதற்கையா அனுப்பினீர்கள்?" என்று அங்கிருந்த குமாஸ்தா ஒருவர் என்னைக் கேட்டார்.

உன் அம்மா என்னோடு பேசாமலிருக்கவில்லை. சமைத்தாள், கோயிலுக்கு வந்தாள், உனக்குச் சட்டை தைத்தாள். வளையம் மட்டும் கட்டவில்லை. நான்கு ஆண்டுக்குப் பின் ஏழுமலையின் தம்பி சுரங்கத்தில் பாறை சரிந்து இறந்தார். லைனிலிருந்து பெட்டி புறப்பட்டது. ஏழுமலை பூதிகோட்டையிலிருந்து நடந்தே வந்து வேலிக்கு வெளியே நின்றார். காவலர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு விடவில்லை. இடுகாடும் வேலிக்குள்தான். பெட்டி இந்தப் பக்கம் திரும்பாமலே போயிற்று. நான் ஊர்வலத்தில் இருந்தேன். என் இடத்திலிருந்து அவர் தலைப்பாகை தெரிந்தது. பெட்டிமேல் வைக்க எதுவும் இல்லாததையும் பார்த்தேன். அன்றே நான் செய்திருக்க வேண்டியதை, உன் கடிதம் வந்தபிறகுதான் செய்தேன்.

வியாழக்கிழமை ஒரு ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு பூதிகோட்டைக்குப் போனேன். பனி விலகாத காலை. இருபுறமும் அவரைக்கொல்லை பூத்திருந்தது. பூக்களைக் காணும் முன்பே வாசனை வண்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் போகிறேனா, சாலை என்னைத் தாண்டிப் போகிறதா என்பது தெளிவில்லாத ஒரு மயக்கம். ஏழுமலை களத்தில் ராகி தூற்றிக்கொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது.

"இன்னா வக்கீலய்யா, இம்மாந்தூரம்? கோர்ட்ட இங்க மாத்திட்டாங்களா?" என்றார்.

"இல்லை. ஒரு காகிதத்தைப் படித்துக் காட்ட வந்தேன். அன்றைக்கு நீங்கள் கேட்டது."

கன்னியம்மா முறத்தை ஓரமாக வைத்தாள். "பதினாறு வருஷங்கழிச்சா? வண்டி மெதுவா வந்துச்சா சாமி?"

நகலை எடுத்து வாசித்தேன். ஏழுமலை ராகித் தூசியைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே கேட்டார். "எல்லாம் நெசந்தான்" என்றார். "கொஞ்சம் ஒண்டி காணோம்."

"காணாமப் போவல" என்றாள் கன்னியம்மா. "வக்கீலய்யா பேரும் அம்மா பேரும் நம்மளோட வண்டியேறி பூதிகோட்டைக்கு வந்துகினு இருந்திருக்கணும். நடுவுல எறங்கிக்கினாங்க."

காணாமற்போன மூன்றையும் சொல்லி, மன்னிக்க வேண்டும் என்றேன். ஏழுமலை குனிந்து, சிதறிய ராகியைக் குவியலோடு சேர்த்தார். "மன்னிப்ப வச்சிகினு நான் இன்னா பண்றது, ஐயா? வேலையும் இனிமே வாணாம், கை நடுங்குது. அந்தப் புஸ்தகத்துல எம் பேரு கீதே, அத எடுங்க. என் தம்பி அங்கதான் படுத்துகினு கீறான். ஒருவாட்டி போய்ப் பாக்கணும். அத்தோட உங்க பிள்ளைக்குக் கல்யாணமாமே. கூப்புட்டா வருவேன். ஆனா எந்த வழியா வர்றது?"

அன்று மாலையே கம்பெனிக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். விடுபட்ட மூன்றையும் வரிசையாக எழுதி, களவென்று ஏதாவது நடந்திருந்தால் அதைச் செய்தவன் நான், ஏழுமலையின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை அங்கே எழுதிக்கொள்ளலாம் என்று முடித்தேன். இம்முறை உன் அம்மா பின்னால் நிற்கவில்லை, எதிரே உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை பதில் வந்தது. முடிந்துபோன விஷயத்தைத் திரும்ப எடுப்பதற்கில்லை. காவலரின் புத்தகத்தில் மாற்றம் எதுவும் செய்யப்படமாட்டாது. கம்பெனியின் வழக்குகளுக்கு இனி வேறு வக்கீலை அமர்த்திக்கொள்வார்கள். மூன்று வாக்கியம். அதை எழுதியவர் நுட்பமானவர். நானாயிருந்தாலும் அப்படியேதான் எழுதியிருப்பேன். இதற்கு மேலிருக்கும் அதிகாரிகளுக்கு மனுச் செய்திருக்கிறேன். அதற்கு மாதங்கள் ஆகலாம். தம்பியின் கல்லறையை அவர் காணும் நாள் வரும்வரை அந்த மனுவை நான் விடப்போவதில்லை. ஆனால் தை மாதத்துக்குள் அது தீராது.

பதிலை உன் அம்மாவிடம் சொன்னேன். "அந்தக் கோயிலு வேலிக்குள்ளதான் இருக்கு. அவரு வரமுடியாத கதவுக்கு நான் கட்டமாட்டேன்" என்றாள். பிறகு, "வேலிக்கு வெளிய, ராபர்ட்சன்பேட்டையிலயும் கோயிலு இருக்கு" என்றாள்.

மறுபடியும் பூதிகோட்டைக்குப் போனேன். பதில் இப்படி வந்தது என்று சொன்னதும் ஏழுமலை சிரித்தார். "உங்களையும் வெளிய தள்ளிட்டாங்களா? வாங்க, ராகி தூத்தலாம்." வேலிக்கு வெளியே திருமணம் நடந்தால் வருவீர்களா என்று கேட்டேன். வருவதாகவும், வளையத்தையும் தாமே பின்னித் தருவதாகவும் சொன்னார். "கை நடுங்கினா இன்னா, பூ மறைச்சிடும். கம்பி ஒண்டி நீங்க பஜார்ல வாங்கியாந்து குடுங்க."

"சீட்டோட வாங்கியாங்க" என்றாள் கன்னியம்மா. "சீட்டுல உங்க பேரு இருக்கணும். எங்க பேரு வாணாம்."

அப்படியே ராபர்ட்சன்பேட்டைக் கடையில் என் பெயருக்குச் சீட்டுப் போட்டுக் கம்பி வாங்கிக் கொடுத்தேன். அவள் அதை என்னையே வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மடித்து அரிசிப்பானைக்குள் வைத்தாள்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. நீ விரும்பியது உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலின் கதவு. உயரமான தேக்குக் கதவு. ராபர்ட்சன்பேட்டைக் கோயில் சிறியது, ஓட்டுக் கூரை, பாதிப்பேர் வெளியே பந்தலில் நிற்க வேண்டியிருக்கும். பெண் வீட்டாருக்கும் நீ காரணம் சொல்லியாக வேண்டும். இந்தக் கடிதத்தையே அவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். தையில் ராகியும் அவரைப்பூவும் சாமந்தியும் ஒருங்கே கிடைக்கும். மூன்றையும் சேர்த்துக் கட்டுவதாக உன் அம்மா சொல்கிறாள். அவரைப்பூ பறித்த அன்றே வாடத் தொடங்கும் என்பதால், எந்தக் கோயில் என்பது அவளுக்கு முன்னதாகத் தெரிய வேண்டும். இது உன் திருமணம், முடிவு உன்னுடையது. உன்னை இசையவைக்க வேண்டுமென்று எதையும் கூட்டிச் சொல்லவில்லை. இம்முறை எதையும் குறைத்தும் சொல்லவில்லை.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வரி எழுது. இல்லை என்று நீ எழுதினாலும் உன்மேல் எனக்கு வருத்தமிராது. அன்று காலை உன் அம்மா கோயிலுக்குள் வந்து உன்னை வாழ்த்துவாள். நான் வேலிக்கு வெளியே, ஏழுமலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

உன் தகப்பன்